மண்ணாங்கட்டி மகன்

சாக்கை உதறுவதற்கு முன்னால் தேவநாதன் அதன் இரண்டு மூலைகளிலும் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பார். அடித்தையலில் சிக்கிக்கொண்டு நாலைந்து மல்லாட்டையாவது கிடக்கும். அதை எடுத்து இடுப்பு மடியில் செருகிக்கொண்ட பிறகுதான் சாக்கைத் தூணில் அடித்துப் புழுதி போக்குவார். அறுபது சாக்கு தைத்து முடித்தால் வீட்டிலிருக்கும் இரண்டு பெண்களுக்கும் சாயங்காலம் கொறிக்க ஒரு கைப்பிடி தேறும். நிலக்கடலை மண்டி முதலாளிக்கு இது தெரியும். தெரிந்தும் கண்டுகொள்வதில்லை. கூலியில் கை வைக்கிறவருக்கு மல்லாட்டையில் இவ்வளவு தாராளம் இருக்கத்தானே வேண்டும்.

விழுப்புரம் மண்டித் தெருவில் கிழிந்த சாக்குக்கு ஒட்டுப் போட அவரை விட்டால் ஆள் இல்லை. கோணி ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டேதான் பேசுவார். வார்த்தைகள் வாயின் ஒரு ஓரமாகத்தான் வெளியே வரும். ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் சாக்கு தைக்கிற பன்னிரண்டு பேருக்கு மேஸ்திரியாக இருந்தவர். மில்லைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. மேஸ்திரியை மட்டும் வேண்டாம் என்றுவிட்டது. அறுபத்து நாலில் கப்பல் ஏறினார். அதைப் பற்றி யாராவது கேட்டால், "அது கெடக்குது, வுடுங்க" என்பார். கப்பலில் ஏறும்போது மனைவி தனத்தின் காதில் கிடந்ததைக் கழற்றச் சொன்னார்களாமே என்றாலும், "அது கெடக்குது, வுடுங்க"தான்.

நாற்பத்து நாலு வயது. முழங்கால் வரை ஏறிய கைலி, முன்பக்கம் பெரிய முடிச்சு. அந்த முடிச்சைப் பார்த்தே தெருவில் அடையாளம் கண்டுகொள்வார்கள். ரங்கூனில் பிறந்து வளர்ந்த காலமெல்லாம் பர்மியர்கள் அவரைக் 'கலா' என்று கூப்பிட்டார்கள். அந்நியன் என்று அர்த்தம். அப்பன் பிறந்த சீமையில் கால் வைத்ததும் 'பர்மாக்காரர்' ஆகிவிட்டார். ஒரு மனிதனுக்கு இந்த வயதில் இதைவிடப் பெரிய பதவி உயர்வு என்ன வேண்டும்.

ரயில்வே நிலத்தில் குடிசை. இரண்டு தடவை பிரித்துப் போட்டார்கள். இரண்டு தடவையும் நாலு அடி தள்ளிக் கட்டிக்கொண்டார். கூரைக்குக் கீழே அவரே தைத்த சாக்குப் படுதா. மழை வந்தால் சாக்கு முதலில் குடிக்கும், பிறகு கக்கும். தனம் தெருக்குழாயில் குடத்தை வைத்தால், பின்னால் வருகிறவள் அதை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைப்பாள். சண்டை போடத் தனத்துக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறந்தால், "எந்த ஊருக்காரி எங்க வந்து பேசறா" என்பார்கள். அதற்குப் பதில் அவளிடம் இல்லை.

அந்தப் பதில்தான் தேவநாதனுக்கும் வேண்டியிருந்தது. ஊர் ஓரத்தில் ஒரு பொட்டலைப் பிரித்து, பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கு வீட்டு மனை கொடுக்கப் போகிறார்கள். பூர்வீகம் இந்தத் தாலுகா என்று கிராமத்துக் கர்ணம் எழுதிக் கொடுத்தால் மனை உண்டு. இல்லாதவர்கள் எங்கோ தெற்கே ஒரு முகாமுக்குப் போக வேண்டும். அவருடைய பூர்வீகம் பனமலைக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். இடைஞ்சல் ஊரில் இல்லை. அப்பன் பெயரில் இருந்தது.

அப்பனுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து, எமன்கூடச் சீந்தாத பெயராக மண்ணாங்கட்டி என்று வைத்தார்கள். எமன் சீந்தவில்லை, பையன் பிழைத்துக்கொண்டான். பதினெட்டு வயதில் சென்னைத் துறைமுகத்தில் பெயர் எழுதுகிறவன் தலையைத் தூக்காமல் "உன் பேரு?" என்று கேட்டபோது, பின்னால் நின்றவர்கள் சிரிப்பார்களே என்று பையனுக்கு வெட்கமாகிவிட்டது. மாசிலாமணி என்று சொல்லிவிட்டான். மண்ணாங்கட்டி கரையிலேயே நின்றுவிட்டது, மாசிலாமணி கப்பல் ஏறியது. ரங்கூன் காகிதங்களில் எல்லாம் மாசிலாமணி மகன் தேவநாதன். கிராமத்துக் கணக்கிலோ மாசிலாமணி என்று ஒரு மனிதன் பிறக்கவே இல்லை.

மனை கொடுக்கிற ஆபீசில் தேவநாதன் தமக்குத் தெரிந்த சாட்சியங்களையெல்லாம் எடுத்து வைத்தார். "எனக்கு வெச்ச பேரே திருவந்திபுரத்துப் பெருமாள் பேருங்க. எங்க வீட்ல மல்லாட்டைன்னுதாங்க சொல்வோம். கப்பல் எறங்கி இருந்த முகாம்ல மத்த ஜனமெல்லாம் கடலைன்னு சொல்லுச்சு, எங்களப் பாத்துச் சிரிச்சுது. இந்த ஊருக்கு வந்து மண்டியில அந்த வார்த்தைய நாலு பேர் வாயில கேட்டப்பதாங்க எனக்கு மூச்சே வந்துது."

குமாஸ்தா தென்காசிப் பக்கத்துக்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வார்த்தையெ எல்லாம் ஃபைல்ல வைக்க முடியாதுய்யா. மாசிலாமணி என்கிற மண்ணாங்கட்டின்னு கர்ணம் எழுதித் தரட்டும். அந்த 'என்கிற' இருந்தாப் போதும், நான் மனை போட்டுத் தாரேன்."

அந்த ஒரு வார்த்தைக்காகத் தேவநாதன் அலைந்தார். அமாவாசையன்று மண்டி மூடியிருக்கும். முதல் பஸ்ஸில் போய் இறங்கி ஏரிக்கரை மேலேயே நடப்பார். கர்ணம் கெட்டவர் இல்லை. "பங்காளி ஒருத்தன் வந்து ஆமாம்னு சொன்னா எழுதிடறேன்பா" என்றார். ஊரில் மிஞ்சியிருந்த நெருங்கிய பங்காளி பெரியசாமி, தேவநாதனுடைய சித்தப்பா மகன். இவர்களுடைய அப்பன்மார் இருவருக்கும் பொதுவாக இருந்த நிலத்தை ஐம்பது வருஷமாகத் தம்பி வீடுதான் உழுதுகொண்டிருந்தது.

பெரியசாமியைக் குறை சொல்ல முடியாது, மரியாதை தெரிந்தவர். கொல்லையில் தனியாகப் பார்த்தால், "வாண்ணே, இந்த வெயில்லயா நடந்து வந்த, கூழு குடி" என்று கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுப்பார். சாவடியில் நாலு பேர் நடுவில் பார்த்தால், "பாவம், பர்மாக்காரரு. எங்கெங்கியோ அலைஞ்சிகினு இருக்காரு" என்பார். ஒரே வாய்தான். அந்தக் கூழைக் குடித்துவிட்டு இந்தப் பேச்சையும் கேட்டுக்கொண்டு நின்ற மனிதனை நினைத்தால் நமக்குத்தான் வயிறு எரிகிறது.

ஒரு தடவை தேவநாதன் உடைத்தே சொன்னார். "நெலம் எனக்கு வேணாம் தம்பி. ஒரு குழிகூட வேணாம். எங்க வேணாலும் கையெழுத்து போட்டுத் தந்துடறேன்."

பெரியசாமி திண்டிவனத்தில் ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கேட்டுவிட்டு வந்திருந்தார். "நீ எழுதிக் குடுத்து நான் வாங்கிக்கினா, நீ பங்காளின்னு நானே ஒத்துக்கினதா ஆயிடும்ண்ணே. உனக்கு நான் என்னா கெடுதல் பண்ணேன்? எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது."

வேண்டாம் என்று விட்டுக்கொடுப்பதற்குக்கூட ஒருவன் முதலில் அந்த வீட்டுக்காரனாக இருக்க வேண்டும். தேவநாதனுக்கு அந்த உரிமையும் இல்லை.

அவரை அடையாளம் கண்டுகொண்டவர் ஒருவர் இருந்தார். சித்தப்பா சின்னதுரை. வாதம் வந்து, வாய் கோணி, கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். தேவநாதன் முதல் தடவை பக்கத்தில் போய்க் குனிந்ததும் கிழவருடைய கண்ணிலிருந்து நீர் ஓடியது. நல்ல கையால் அவருடைய முகத்தைத் தடவித் தடவி, "ம... ம..." என்று இழுத்தார். கர்ணமும் அப்போது வாசலில் நின்றிருந்தார். பெரியசாமி சட்டென்று, "மாட்டுக்குத் தண்ணி காட்டலியான்னு கேக்கறாரு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் காட்டப் போனார்.

அந்தச் சின்னதுரை ஆவணியில் போய்ச் சேர்ந்தார். தேவநாதனுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. மல்லாட்டை போட வந்த ஒரு குடியானவர் மூன்றாம் நாள் மண்டியில் பேச்சுவாக்கில் சொன்னார். தேவநாதன் அப்படியே ஊசியைச் சாக்கில் குத்தி வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார். துக்கம் கேட்டுவிட்டுத் திரும்பும்போது கர்ணம் ஏரிக்கரையில் அவரை நிறுத்தினார்.

"பதினாறாம் நாள் கருமாதிக்கு வா. அந்த வீட்டு வழக்கப்படி மகனும் பங்காளிகளும் ஒண்ணா உக்காந்து தலை மழிச்சிக்குவாங்க. ஊரே பாக்கற காரியம். அதுல உனக்கும் கத்தி வெச்சுட்டா, அப்புறம் எனக்கு வேற சாட்சி எதுக்கு? அன்னைக்கே எழுதித் தர்றேன்."

கருமாதி வெள்ளிக்கிழமை விழுந்தது. மனைப் பட்டியலைத் திங்கட்கிழமை மூடுகிறார்கள். தனம் ஒரு வெள்ளைத் துண்டைத் துவைத்து மடித்துக் கையில் கொடுத்தாள். "முடியோட திரும்பி வந்துடாதீங்க" என்றாள். வேறு எந்தப் பெண்ணும் புருஷனிடம் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

ஏரிக்கரைப் படியில் ஒன்பது பேர் உட்கார்ந்தார்கள். முதலில் பெரியசாமி. வயதுப்படி அவருக்கு மேலே உட்கார வேண்டிய தேவநாதன், வம்பு வேண்டாமென்று ஐந்தாவது ஆளாக உட்கார்ந்துகொண்டார். கரை மேலே ஊர் ஜனம் நின்றது. கர்ணம் குடை பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். நாவிதர் பெரியசாமிக்கு முடித்தார். வரிசையாக மூன்று பேரை முடித்தார். ஐந்தாவது தலையில் சொம்புத் தண்ணீரை ஊற்றி, விரலால் அரக்கித் தேய்த்துப் பதமாக்கி, கத்தியைத் தீட்டுக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

"அவுருக்கு வேணாம்பா" என்றார் பெரியசாமி. உரக்கக்கூடச் சொல்லவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். "அவரு விருந்தாளி. துக்கத்துக்கு வந்தவரு."

நாவிதர் கத்தியைப் பிடித்தபடி கர்ணத்தைப் பார்த்தார். கர்ணம் ஏரியைப் பார்த்தார். கரை மேலே யாரோ ஒரு பெண்பிள்ளை, "அச்சு அசலா செத்தவரு மொகந்தான்" என்று ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்த புருஷன் முழங்கையால் இடித்ததும் நிறுத்திக்கொண்டாள். நாவிதர் நகர்ந்து ஆறாவது ஆளின் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

தேவநாதனின் நனைந்த மயிரிலிருந்து நீர் மூக்கு நுனி வழியாகச் சொட்டியது. பிறகு எழுந்தார். போகட்டும் என்று ஜனம் விலகி வழிவிட்டது. அவர் கரை ஏறவில்லை. ஆறாவது, ஏழாவது, எட்டாவது ஆட்களைத் தாண்டிக் கீழே நடந்து, ஒன்பதாவது ஆளுக்குப் பக்கத்தில் வரிசையின் கடைசியில் போய் உட்கார்ந்தார். துண்டை மடியில் விரித்துக்கொண்டு, தலையைக் குனிந்து கொடுத்தார்.