வெள்ளிக்கிழமை மட்டும் பற்றாத போறணை

லண்டன் நோர்பரியில் எங்கள் பேக்கரியில் ரொட்டி சுடும் காஸ் போறணை வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் பற்றாது. பொறி தட்டும் சத்தம் கேட்கும், நெருப்பு வராது. கோயிலுக்குப் பணிஸ் சுட்டுக் கொடுக்க வேண்டிய நாளும் அதுதான்.

நான் திகதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். ஐந்து வெள்ளி, ஐந்திலும் பழுது. திருத்துகிற பாலா அண்ணை சனிக்கிழமை வருவார். அவர் கை பட்டதும் பற்றும்.

"இதில ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி."

எனக்கு அவரில்தான் சந்தேகம். திரும்பத் திரும்பக் கூப்பிட வைக்க எதையோ தளர்த்திவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். வேறு ஆளைப் பிடிக்கும்படி கணவரிடமும் சொல்லிவிட்டேன்.

இன்று வெள்ளி. அண்ணையை விடியவே வரச்சொல்லி, அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காஸை மூடிவிட்டு, பொறி தட்டும் கம்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"ஈரமாக் கிடக்கு. அதுதான் பொறி பக்கத்து இரும்பில இறங்குது. மஞ்சளாவும் கிடக்கு. என்ன ஊத்தினனீங்கள்?"

"நான் ஒண்டும் ஊத்தேல்லை. தெளிச்சனான்."

"என்னத்தை?"

"மஞ்சள் தண்ணி. வெள்ளிக்கிழமை தெளிக்காமல் எப்பிடி அண்ணை பத்த வைக்கிறது?"

துடைத்து மாட்டினார். உடனே பற்றியது.

"இனி வாசலோட நிப்பாட்டுங்கோ" என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் உள்ளே வந்தார்.

"நீர் சொன்னமாதிரி வேற ஆளின்ர நம்பர் எடுத்திட்டன்."

அண்ணை தேத்தண்ணீர் குடிக்காமலே போய்விட்டார்.

எப்படி மன்னிப்புக் கேட்கலாம், எழுதுங்கள். பணிஸ் கொடுத்துப் பார்த்தேன், வாங்கவில்லை.