ஜனவரியில் வேர்த்தவள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் வயசுக்காரிகளே. மாலுக்கு வருகிற பெண்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி, தடவிப் பார்த்து உள்ளே அனுப்புகிற செக்யூரிட்டி வேலை எனக்கு. இடுப்பில் கத்தி இருந்தால் கையிலிருக்கும் மிஷின் கத்தும்; உடம்புக்குள்ளே எரிகிறதற்குக் கத்துகிற மிஷினை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஸ்வெட்டர்

டில்லி ஜனவரி எப்படி என்று உங்களுக்கே தெரியும், வாயைத் திறந்தால் புகை. எங்கள் சூப்பர்வைசர் மோனு நல்ல பையன். நாங்கள் நிற்கிற கூண்டுக்குள் காலடியில் ஒரு ஹீட்டர் வைத்துக் கொடுத்திருந்தான். எனக்கோ அம்பத்தோரு வயசு, மாதவிலக்கு நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நெஞ்சிலிருந்து காது மடல் வரைக்கும் திடீரென்று குப்பென்று ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றுவேன். வேர்வை குளிர்ந்து பல் கிட்டும், திரும்ப மாட்டுவேன். மாட்டி முடிப்பதற்குள் அடுத்தது வரும்.

மோனு பார்த்துவிட்டான். யூனிஃபார்ம் ஸ்வெட்டர் இல்லாமல் நின்றால் கம்பெனிக்குக் கெட்ட பேராம். மாசக் கடைசிக்குள் சரியாகாவிட்டால் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்கு மாற்றிவிடுவானாம். காற்றே இல்லாத இடம், நாள் முழுக்க வண்டிப் புகை. என் உடம்புக்கு அது ஆகாது, வேலையை விடவேண்டியதுதான். அவன் கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்குப் பேசியிருப்பேன். பாவம் பார்க்கிற மாதிரிச் சொன்னான்: "ஆன்ட்டிஜி, எங்க ஊர்ல எருமைகூட இந்தக் குளிர்ல கோணி போர்த்திக்கிட்டுத்தான் நிக்குது."

பைக்குள் ஒரு ட்யூப்

பை பார்க்கிறவள் சந்தோஷ். ஹரியானாவில் ரோத்தக் அவள் ஊர், அந்தப் பக்கம் பெண்ணுக்கும் அந்தப் பேர் வைப்பார்கள். ஒருநாள் ஒரு கைப்பையிலிருந்து ட்யூப் ஒன்றை எடுத்துத் தூக்கிப் பிடித்து, "ராணி, உன் ஊர்க்காரி மாதிரி இருக்கா, என்னன்னு கேளு" என்றாள். கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இருக்கிற அக்கா அவர், சர்க்கார் ஆபீஸில் வேலை. தமிழில் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. விலக்கு நின்றபிறகு உடம்பில் குறைகிற ஹார்மோனை வெளியிலிருந்து கொடுக்கிற ஜெல்லாம். தோலில் தடவினால் போதுமாம். அவருக்கும் இதே உடம்புக் கொதிப்பு இருந்து, அடங்கித் தூக்கம் வந்துவிட்டதாம்.

நான் வெட்கத்தை விட்டு, "எனக்கும் ஒரு விரல் தொட்டு வைங்கக்கா" என்று கையை நீட்டினேன். ட்யூபை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்த அக்கா சொன்னது: "என் ரவிக்கை உனக்குச் சேருமா? இதுவும் அப்படித்தான்மா. டாக்டரம்மாகிட்ட போ, உன் அளவுக்குத் தச்சுக் குடுப்பாங்க."

இரண்டாவது மாப்பிள்ளை

போனேன், சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு, துணைக்குச் சந்தோஷும். டாக்டரம்மா கேட்காத கேள்வி இல்லை. மார்பில் கட்டி வந்ததா, காலில் ரத்தம் கட்டியதா, வீட்டில் யாருக்காவது கேன்சரா, பிரஷர் எவ்வளவு. மார்பைப் படம் எடுத்து, ரத்தம் பார்த்து, ஒரு மாத்திரை கொடுத்தார். கொதிப்பு கொஞ்சம் தணிந்தது, ஆனால் தலைக்குள் யாரோ உட்கார்ந்து பாத்திரம் துலக்க ஆரம்பித்தார்கள். திரும்பப் போனேன். அதை நிறுத்திவிட்டு ஜெல்லுக்கு மாற்றினார். கர்ப்பப்பை இருப்பதால் அதற்குப் பாதுகாப்பாகக் கூடவே ராத்திரிக்கு ஒரு கேப்சூலும் கட்டாயம் என்றார்.

"மொதல்லயே இதைக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று முனகினேன். சிலருக்கு ஒன்று இரண்டு மாற்றிப் பார்த்தால்தான் சரியாக அமையும் என்றார் டாக்டரம்மா. சந்தோஷ் குறுக்கே புகுந்தாள்: "அவளுக்கு அது புரியாது டாக்டர், மொதல்ல வந்த மாப்பிள்ளையையே கட்டிக்கிட்டவ."

கேப்சூல்

ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்று சொன்னார்களா? எங்கள் வேலையில் ராத்திரிச் சாப்பாடு சாயங்காலம் ஆறரைக்கே முடிந்துவிடும், அதற்குமேல் கூட்டம் விடாது. டப்பாவைக் கழுவி வைத்துக் கேப்சூலைப் போட்டுக்கொண்டு வந்து நின்றேன். தூங்கும் நேரத்தில் போடவேண்டியது அது, ஆளைத் தூக்கத்தில் தள்ளும் என்று யார் கண்டது. கொஞ்ச நேரத்தில் கூண்டின் பலகையில் சாய்ந்தபடி சொக்கிவிட்டேன். கண்ணைத் திறந்தால் ஒரு காலேஜ் பெண் கையை விரித்துக்கொண்டு எதிரே நிற்கிறாள். "ஆன்ட்டி, மிஷினைக் குடுங்க, நானே என்னை செக் பண்ணிக்கறேன்" என்றாள்.

மம்மிஜி

அன்றிலிருந்து கேப்சூல் தலையணைக்குப் பக்கத்தில். தூக்கம் வந்தது, கொதிப்பும் முக்கால்வாசி போனது. மீதிக் கால்வாசியை அந்த ஹீட்டர் விடவில்லை; சந்தோஷ் குளிர் தாங்கமாட்டாள் என்று நானும் அதை அணைக்கவில்லை. மாசக் கடைசியும் வந்துவிட்டது. மகன் வயசுப் பையனிடம் இதையெல்லாம் எந்த வாயால் சொல்ல? "நீ சொல்லாதே" என்றாள் சந்தோஷ்.

மோனுவின் அம்மா சந்தோஷ் வருகிற பஸ்ஸில்தான் வருவாராம். எல்லாரும் நடுங்கும்போது ஜன்னலைத் திறந்துவிட்டுத் திட்டு வாங்குவாராம். "எங்க மால்ல ஷால் பாதி விலைக்குப் போடறாங்க, வாங்க" என்று சந்தோஷ் ஒரு வார்த்தை சொல்லிவைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மோனு பெருமையாக அம்மாவை அழைத்து வந்தான். அவர் கூண்டுக்குள் நுழைந்ததும் சந்தோஷ் ஹீட்டரைக் கூட்டிவைத்தாள். சட்டென்று அவர் முகம் சிவந்தது, ஷால் போனது, ஸ்வெட்டர் போனது, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் அட்டையால் விசிறிக்கொண்டே என் கதையைச் சொன்னேன், எருமை உட்பட. "உனக்குமா? நெஞ்சுக் கோளாறுன்னு யார்கிட்டயும் சொல்லாம பயந்துக்கிட்டிருக்கேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எதுவானாலும் டாக்டரம்மாவிடம் காட்டிவிடலாம், நானே கூட வருகிறேன் என்றேன்.

வெளியே மோனு, "மம்மி, உள்ள என்ன பண்றீங்க?" என்று கூப்பிட்டான். அவர் திரையை விலக்கித் தலையை நீட்டினார். "மோனு, உன் எருமையைக் கூட்டிட்டு வந்து இந்த ஹீட்டர்கிட்ட கட்டிப் பாரு. அப்புறம் இவளை மாத்தறதைப் பத்திப் பேசலாம்."

மோனு காது சிவந்து, பார்க்கிங்குக்கு வேறு ஆள் பார்ப்பதாகச் சொன்னான். என் அளவுக்குத் தைத்துக் கொடுத்தது டாக்டரம்மா என்றால், கடைசிக் கொக்கியை வைத்தது சந்தோஷ்தான்: ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலையிலேயே வீட்டிலிருந்து கொண்டுவந்து மேஜைக்கடியில் ஒளித்து வைத்திருந்த ஃபேனை எடுத்துச் செருகினாள்.