மலையில் மூன்றாவது வெளிச்சம்

அந்த நாற்பது வினாடி வீடியோ இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. அழிக்கவும் பயம், திறக்கவும் பயம்.

வேங்கிக்காலில் கண்காணிப்புக் கேமரா மாட்டிக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். கேமரா வாங்கியவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பழுது சொல்லத்தான் அதை ஆரம்பித்தேன். போகப் போக அது பறக்கும் தட்டுக் குழுவாகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு பேராவது எதையாவது படம் பிடித்து அனுப்பி, "மேடம், இது இன்னாங்க?" என்று கேட்பார்கள். வாசல் கேமராவில் வெள்ளை உருண்டை மிதந்தால் அது கண்ணாடிக்கு முன்னால் பறக்கும் கொசு. இருட்டில் கேமரா பாய்ச்சுகிற வெளிச்சம் பட்டுப் பெரிதாகத் தெரிகிறது. பௌர்ணமியன்று நீலமாக ஏதாவது வானத்தில் ஏறினால், கிரிவலப் பாதையில் விற்கிற விளக்கு பலூனை ஏதோ ஒரு குழந்தை கைநழுவ விட்டிருக்கும். வரிசையாக ஓடும் புள்ளிகள் செயற்கைக்கோள்கள். இப்படிப் பட்டென்று சொல்லிவிடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலை மேல் எந்த வெளிச்சம் தெரிந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிற பழக்கம் உண்டு. சித்தர்கள் ஜோதியாக நடமாடுகிறார்கள் என்பது நம்பிக்கை. நான் அதைக் கிண்டல் செய்கிறவள். ஆனாலும் என் கை ஒரு தரம் கன்னத்தைத் தொட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும்.

கார்த்திகை தீபம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறே முக்கால். ஒரு வீட்டு மாடியில் ஏணி மேல் நின்று ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன். குழுவில் வீடியோ வந்து விழுந்தது. அனுப்பியவர் அடி அண்ணாமலையில் டிபன் கடை வைத்திருப்பவர். மலைச் சரிவில் மூன்று வெளிச்சங்கள். அதற்குள் பத்துப் பேர் கும்பிடும் கைகளைப் போட்டிருந்தார்கள்.

முதல் மூன்று நான்கு வினாடிதான் பார்த்தேன். பச்சையாக இரண்டு புள்ளிகள் தெரிந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. "ரோட்டு விளக்கு லென்ஸில் பட்டுத் தெறிக்கும் வெறும் பிரதிபலிப்பு. மலையில் ஒன்றுமே இல்லை. யாரும் அலைய வேண்டாம்" என்று தட்டிவிட்டு, கைபேசியைப் பைக்குள் போட்டேன்.

ஏழரைக்கு என் தம்பியின் மனைவி அழைத்தாள்.

"அண்ணி, உங்க தம்பி அங்க வந்தாராங்க? மலைக்குப் போனவரு இன்னும் வீட்டுக்கு வரலீங்க."

மலையில் மரக்கன்று நட்டு வளர்க்கிற குழு ஒன்றில் தம்பி இருந்தான். மழை நின்றதும் கன்றுகளைச் சுற்றிப் புல் வெட்டப் போவார்கள், கோடையில் தீ பிடித்தால் தாவாமல் இருக்க. மற்றவர்கள் நாலு மணிக்கே இறங்கிவிட்டார்களாம். மேலே இன்னும் நாலு கன்று பாக்கி, பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவன் மட்டும் நின்றிருக்கிறான். ஒருமுறை பாறையில் விழுந்து போன் உடைந்ததிலிருந்து போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவான். பையில் ஒரு டார்ச் மட்டும் இருக்கும்.

"எந்தப் பக்கம் போனான்?"

"அடி அண்ணாமலைப் பக்கங்க."

ஏணிப் படியிலேயே உட்கார்ந்து அந்த வீடியோவைத் திறந்தேன்.

லென்ஸ் பிரதிபலிப்பைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. படம் எடுப்பவரின் கை ஆடும்போது தெருவிளக்கு வலப்பக்கம் நகர்ந்தால், அதன் போலி இடப்பக்கம் ஓடும். இரண்டு பச்சைப் புள்ளிகளும் அப்படித்தான் ஓடின. மூன்றாவது ஓடவில்லை. கை எவ்வளவு ஆடினாலும் அது மலை விளிம்புக்குக் கீழே ஒரே பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் மஞ்சள் நிறம். பதினைந்தாவது வினாடியில் அணைந்தது. பிறகு மூன்று முறை மின்னியது. ஓர் இடைவெளி. மறுபடி மூன்று முறை.

எத்தனையோ பேரின் பயத்தைத் தெளிய வைத்தவள் நான். அந்த நிமிடம் அது பேயாகவோ பறக்கும் தட்டாகவோ இருக்கட்டும் என்று மனதார வேண்டினேன். அது மனிதன் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

டிபன் கடைக்காரரை அழைத்தேன்.

"அண்ணா, அந்த வெளிச்சம் இன்னும் தெரியுதாங்க?"

"இல்லம்மா. நாங்க எல்லாரும் சேந்து கற்பூரம் ஏத்திக் காட்டுனோம். காட்டி முடிச்சதும் சாமி மறைஞ்சிட்டாரு."

"யாராச்சும் மேல போய்ப் பாத்தீங்களா?"

"மருமவன் கெளம்புனாரும்மா, யாராச்சும் மாட்டிக்கினாங்களோ இன்னாவோன்னு. நீங்க ஒண்ணுமில்லைனு போட்டதைப் பாத்துட்டுத்தான் உக்காந்துட்டாரு."

நான் என்ன பேசி முடித்தேன் என்று நினைவில்லை. வண்டியில் தம்பி மனைவியையும் ஏற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். வனத்துறைக்குச் சொன்னோம். வீடியோவை நிறுத்தி, மூன்றாவது வெளிச்சம் எந்தப் பாறைக்கு நேராக இருந்தது என்று விரலால் காட்டினேன். வனக் காவலர்கள் இரண்டு பேரும் டிபன் கடைக்காரரின் மருமகனும் ஏறினார்கள். நானும் தம்பி மனைவியும் கீழே நின்றோம். அவள் என் கையை விடவே இல்லை. என் செய்தியை அவள் பார்த்தாளா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஏறியவர்களின் டார்ச்சுகள் புதருக்குள் மறைவதும் தெரிவதுமாக இருந்தன. மேலே இருட்டிலிருந்து எந்தப் பதிலும் இல்லை. அவ்வளவு நேரம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றும் ஒரு முறை கூட எனக்குக் கும்பிடத் தோன்றவில்லை. அது வெறும் கல்லாக, கறுப்பாக, பெரியதாக இருந்தது.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகியிருக்கும். மேலே இருந்து ஒரு குரல், "ஆள் இருக்காரு! உசுரு இருக்கு!"

பாறை இடுக்கில் வழுக்கி விழுந்து வலது கால் எலும்பு முறிந்திருந்தது. நிறைய ரத்தம் போயிருந்தது. இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தால் கஷ்டம் என்றார் மருத்துவர். விழுந்தது ஐந்தரை மணிக்கு. நான் செய்தி போட்டது ஆறே முக்காலுக்கு. இந்த இரண்டு நேரங்களையும் நான் எத்தனை முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேனோ.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவனே பேசினான்.

"கத்தி கத்தி தொண்டையே போயிடுச்சுக்கா. அப்புறம்தான் டார்ச்சை அடிச்சேன். கொஞ்ச நேரத்துல கீழ வரிசையா நெருப்பு காட்டுனாங்க. பாத்துட்டாங்க, பதில் சொல்றாங்கனு நெனச்சிட்டேன். எப்படியும் வந்துடுவாங்க, பக்கத்துல வந்தா காட்டணுமேனு டார்ச்சை அணைச்சிட்டேன். பேட்டரி கம்மியா இருந்துச்சு. அப்புறம் யாரும் வரல. மறுபடி போடலாம்னா கைக்குத் தெம்பு இல்ல. நெருப்பு காட்டுனவங்க ஏன்கா வரல?"

மழுப்பியிருக்கலாம். அவன் மனைவி பக்கத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். அவளும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன்.

"வர கெளம்புனாங்கடா. மலையில ஒண்ணுமே இல்லைனு நான்தான் எழுதிட்டேன். வீடியோவை முழுசா கூட பாக்கல."

அவள் கை நின்றது. தம்பி என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"நீ சொன்னா நம்பத்தான்கா செய்வாங்க," என்றான். "நானா இருந்தாலும் திரும்பித்தான் போயிருப்பேன்."