போதாது என்று சொன்னேன்

எங்கள் குடும்பத்தில் எது வாங்குவதானாலும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் எந்த பேட்டரி தாங்கும், மூன்றாவது மாடிக்குத் தண்ணீர் ஏற அரைக் குதிரைச் சக்தி மோட்டார் போதுமா, இப்படி. நான் ரங்கூனில், அலோன் பகுதியில் ஒரு துறைமுகக் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் குமாஸ்தா. படகிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணி, எடை பார்த்து, சரி அல்லது சரியில்லை என்று எழுதுவதற்கு முப்பது வருஷமாகச் சம்பளம் வாங்குகிறேன். அந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கேட்ட கேள்விக்குத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வராது. தெரியாவிட்டால் இரண்டு நாள் தவணை வாங்கி, தெரிந்துகொண்டு வந்து சொல்வேன். இதற்கு என் மனைவி வைத்த பெயர் ஹெட்மாஸ்டர் வியாதி.

இந்த வியாதியை ஒருநாளும் கேலி செய்யாதவன் என் தம்பி. என்னைவிட ஒன்பது வயது இளையவன். அவன் நான்காம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அவனுடைய பள்ளிக்கூடத்துக் காகிதங்களில் எல்லாம் என் கையெழுத்துதான். வளர்ந்து, டாக்ஸி ஓட்டி, கல்யாணமாகி, தின்கன்ஜூனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே குடியிருந்தான். அவன் மகளுக்குத் தமிழ் புரியும், வாயில் வருவது பர்மியம். என்னைப் பெரியப்பா என்று கூப்பிட மாட்டாள், பாஜீ என்பாள். எனக்கு அதுவும் பிடித்துத்தான் இருந்தது.

ரங்கூன் டாக்ஸியில் மீட்டர் போட்டு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஆள் குனிந்து ஜன்னல் வழியாக இடத்தைச் சொல்லுவார், ஓட்டுகிறவர் வாடகை சொல்லுவார், கொஞ்சம் இழுபறி நடக்கும். அந்த அரை நிமிஷத்தில்தான் ஓட்டுகிறவர் ஆளை எடை போடுவது. “மூஞ்சியப் பாத்தாத் தெரிஞ்சிரும்ணே,” என்று தம்பி பெருமையாகச் சொல்லுவான். ராணுவம் ஆட்சியைப் பிடித்து நாடு தலைகீழான பிறகு முகம் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. கியாக்டடாவில் அவனோடு ஒரே வரிசையில் வண்டி போட்டு நின்றவர் ஒருவர், ஒரே குன்யா வெற்றிலைச் சுருளை இருவரும் பங்கு போட்டு மெல்லுகிற அளவுக்குப் பழக்கம், ஒரு மத்தியானம் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் ஊருக்கு வெளியே சாலையோரம் அவர் உடல் கிடந்தது. கழுத்தில் வெட்டு. வண்டி கிடைக்கவில்லை. சாவு வீட்டில் தம்பி ஒரு மூலையில் உட்கார்ந்து, வாயிலிருந்த வெற்றிலையை மெல்லாமலும் துப்பாமலும் வைத்துக்கொண்டிருந்தான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தான். என் மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்தினான். துண்டைப் பிரித்து மேஜையில் வைத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ரிவால்வர். பிடியில் ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருந்தது.

“இருவத்திரெண்டு காலிபராம். ஆறு குண்டு போடலாம்,” என்றான்.

“யாருடா குடுத்தா?”

“அதக் கேக்காதீங்கண்ணே. இது போதுமா, அத மட்டும் சொல்லுங்க.”

லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் இந்த ஊரில் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அண்ணன் என்று ஒருவன் இருந்தால் அந்த நேரத்தில் முதலில் சொல்லவேண்டியது என்ன என்றும் இன்று தெரிகிறது. ஆனால் அன்று என் காதில் விழுந்தது ‘போதுமா’ என்ற ஒரு சொல்தான். கையைத் துடைத்துக்கொண்டு அதை எடுத்தேன். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தேன், வேறு என்ன தெரியும் எனக்கு. “ரெண்டு நாள் குடு, பாத்துச் சொல்றேன்,” என்றேன். அவன் திரும்பச் சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

கிடங்கில் சாப்பாட்டு வேளையில், தடை தாண்டும் விபிஎன் போட்டுக்கொண்டு, போனில் படித்தேன். எங்கேயோ இருக்கிற மனிதர்கள் இதைப்பற்றி, நாம் மீன் வாங்கும்போது வாதாடுவோமே, அப்படி வாதாடிக்கொண்டிருந்தார்கள். சின்னக் குண்டும் உயிரை எடுக்கும் என்றார் ஒருவர். எடுக்கும், ஆனால் உடனே எடுக்காது, பட்டது தெரியாமலே ஆள் மேலே வந்து விழுவான் என்றார் இன்னொருவர். வீட்டில் விட்டுவந்த பெரிய துப்பாக்கியைவிடக் கையில் இருக்கிற சின்னது மேல் என்று ஒருவர். நான் எல்லாவற்றையும் சரக்குச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன். என் தம்பி பிழைப்பானா என்ற கேள்வியை அப்படித்தான் மூன்று நாள் படித்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் நின்ற வண்டியிலேயே பேசினோம். அவன் ஓட்டும் இடத்தில், நான் பின் சீட்டில், கொள்ளைக்காரன் உட்காரும் இடத்தில். கிடங்கிலிருந்து கொண்டுவந்திருந்த டேப்பை இழுத்து, பின் சீட்டிலிருந்து அவன் கழுத்து வரை அளந்தேன். அவன் அசையாமல் இருந்தான். டேப்பின் நுனி தோலில் பட்டபோது மட்டும் தோளைச் சுருக்கினான்.

“போதாதுடா,” என்றேன். “இவ்வளவு கிட்டத்துல ஒருத்தன் இருக்கான். ஒரு குண்டுல அவன் விழ மாட்டான். வெச்சுக்கறதா இருந்தா முப்பத்தெட்டுக்குக் கொறஞ்சு வெச்சுக்காத. இது வெறும் கொசு விரட்டி.”

கண்ணாடியில் அவன் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. சொன்னதை மனதில் வாங்குகிறான் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு உச்சி குளிர்ந்திருந்தது. தெரியாத விஷயத்தை மூன்று நாளில் தெரிந்துகொண்டு இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிட்டேனே என்று. “சரிண்ணே,” என்றான். மகள் வாசலுக்கு வந்து, பாஜீ சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பர்மியத்தில் சொன்னாள். சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.

அடுத்த வாரம் கிடங்கு வாசலுக்கு வந்து, “நாளைக்கு மாத்திக்கிறேன்ணே, பெருசு ஒண்ணு இருக்குதாம்,” என்று சொல்லிவிட்டுப் போனான். பார்த்துப் போ என்றேன். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருந்த சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். அவன் வழக்கமாகப் போகும் சாவடிகளில் முகத்தைப் பார்த்துவிட்டு, போ என்று கையைக் காட்டுவார்களாம். இங்கே, துப்பாக்கி அடியில் இருந்த சீட்டைத் தூக்கச் சொன்னார்கள்.

தம்பி மனைவி போன் செய்தாள். “அத்தான், அவரப் புடிச்சிட்டாங்களாம்,” என்றாள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிவதற்கே பத்துப் பன்னிரண்டு நாள் ஆனது. ஒவ்வொரு வாசலாக நாங்கள் இருவரும் போய் நின்றோம். ஒவ்வொரு வாசலிலும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். அதிகாரிகளிடம் இல்லை, என்னிடம்.

“அந்தப் பாலத்துப் பக்கம் அவரு சவாரியே எடுக்க மாட்டாரே அத்தான். எதுக்குப் போனாரு?”

“தெரியலம்மா,” என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தெரியவில்லை என்று சொன்னேன். அதுவும் பொய்.

ஏழு வருஷம் போட்டார்கள். வண்டியையும் எடுத்துக்கொண்டார்கள். மகள் காலேஜை நிறுத்திவிட்டு ஒரு போன் கடையில் நிற்கப் போனாள். அவள் கடைக்குக் கிளம்பும் நேரம் எனக்குத் தெரியும் என்பதால், அந்த நேரத்தில் அந்தத் தெரு வழியாக நான் போவதில்லை.

இருபத்திரண்டு போதுமா, முப்பத்தெட்டு வேண்டுமா என்று இப்போதும் மனதுக்குள் ஓடுகிறது, வெட்கமாக இருக்கிறது. பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும்போது அவர் கைகளைப் பார்க்கிறேன். இரண்டும் ஸ்டியரிங்கில் இருக்கின்றன. கழுத்தில் கத்தி வைத்திருப்பவன் அந்தக் கை சீட்டுக்கு அடியில் போகும்வரை பொறுத்திருப்பானா? அங்கே பீரங்கியே இருந்தாலும் என்ன பிரயோஜனம்? பின் சீட்டிலிருந்து கழுத்துக்கு அளந்தேன். அவன் கைக்கும் சீட்டின் அடிக்கும் எவ்வளவு தூரம் என்று அளக்கத் தோன்றவில்லை. வண்டிதானே, சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கி ஓடிவிடுடா, உன் பெண்டாட்டி பிள்ளைக்கு நீதான் வேண்டும் என்று சொல்லத் தோன்றவில்லை. இதற்கெல்லாம் போனில் படிக்கவேண்டிய அவசியமே இல்லை.

அவனைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைக்க ஆறு மாதம் ஆயிற்று. தம்பி மனைவியோடு போனேன். இறால் பலாச்சாங்கைக் காரமாக வறுத்து இரண்டு டப்பாவில் அடைத்து, கெட்டுப்போகாத கருவாட்டையும் பொட்டலம் கட்டி மடியில் வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதே சொல்லிவிட்டாள்: “பொண்ணு படிப்ப நிறுத்துனத மட்டும் சொல்லிடாதீங்க அத்தான். அது தெரிஞ்சா ஒடஞ்சி போயிருவாரு.”

முதலில் அவள் பேசினாள். பிறகு எனக்கு இடம் விட்டுவிட்டு, பொட்டலங்களைக் கொடுக்கும் வரிசைக்குப் போனாள். நடுவில் இரண்டு கம்பி வலை, எங்கள் இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பியின் தலையை மழித்திருந்தார்கள். காது இரண்டும் பெரிதாகத் தெரிந்தன, நான்காம் வகுப்பில் இருந்ததைப்போல. எப்படிச் சொல்லவேண்டும் என்று ஆறு மாதமாக யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

“நான்தான்டா உன்ன இங்க அனுப்பிட்டேன். நான் பத்தாதுன்னு சொல்லாம இருந்தா நீ மாத்தப் போயிருக்க மாட்ட.”

கோபப்படுவான் என்று பார்த்தேன், படவில்லை.

“அது பத்தாதுன்னு எனக்குத் தெரியாதாண்ணே? எனக்குச் சுடவே வராது.”

“பின்ன எதுக்குடா என்கிட்ட வந்து கேட்ட?”

“நீங்க திட்டுவீங்கன்னு வந்தேன். ஓங்கி ரெண்டு அறை விட்டு, புடுங்கி ஆத்துல போட்டுருவீங்கன்னு நெனச்சேன். நானாத் தூக்கிப் போட மனசு வரல, பயமா இருந்துச்சு.” வலையில் விரலை நுழைத்துக்கொண்டான். “நீங்க படிச்சவரு. நீங்களே பெருசு வேணும்னு சொன்னப்ப, அப்ப வெச்சுக்கத்தான் வேணும்போலன்னு நெனச்சிட்டேன்.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நடந்ததைச் சொல்லுகிற குரல். எனக்கு வந்த அழுகையை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பர்மியக் கிழவர் தன் மகனிடம் பேசுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அழாதீங்கண்ணே, நான் நல்லாத்தான் இருக்கேன் என்று தம்பி இரண்டு முறை சொன்னான். காவலர் நேரமாகிவிட்டது என்று சத்தம் போட்டுக்கொண்டே வரிசையில் நடந்து வந்தார்.

“அவளக் கேட்டா எல்லாத்துக்கும் நல்லா இருக்கு, நல்லா இருக்குங்கறா,” என்றான் அவசரமாக. “நீங்க சொல்லுங்க. பொண்ணு காலேஜுக்குப் போறாளா?”

“போறாடா,” என்றேன்.

நான் சொன்னதால் நம்பினான்.