நான் வெட்டிய வாக்கியம்

எண்பதுகளின் பிற்பாதியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு சாமி பிரபலமாக இருந்தார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காவி கட்டாதவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தகரக் கொட்டகையில் பேசுவார். அவர் பெயரில் வந்த புத்தகங்கள் பஸ் நிலையக் கடைகளில் ராசிபலனுக்குப் பக்கத்தில் தொங்கின.

அவற்றை எழுதியவன் நான். சாமியின் பேச்சை டேப்பில் பிடித்து, ஆவடி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பேன். தமிழிலிருந்து தமிழுக்குத்தான். பகலெல்லாம் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் நட்டுக்கும் போல்ட்டுக்கும் சீட்டு எழுதுகிறவனுக்கு இலக்கியம் செய்ய வேறு வழியில்லை.

ஒரு ஞாயிறு சாமி உடம்பைப் பற்றிப் பேசினார்.

"ஒடம்பு நெழலு மாரி நைனா. அத்தையே பாத்துகினு ஒக்காராத. அதுக்குன்னு மாத்திரய உட்றாத. அத்தையும் முழுங்கு, கண்ண மூடியும் ஒக்காரு. ரெண்டு காலு இருக்கசொல்லோ இன்னாத்துக்கு நொண்டிகினு போற?"

கொட்டகை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மலையுச்சிக்கு ஏறிய அத்தியாயம் மருந்துக் கடையிலா இறங்குவது? மாத்திரையை வெட்டினேன். 'உடல் நிழல், நிழலுக்கு மருந்திடுவார் உண்டோ?' என்று முடித்தேன். அந்த 'உண்டோ'வில் எனக்கு அபாரப் பெருமை.

பக்கத்து வீட்டில் ஒரு டர்னர் இருந்தார், விருதுநகர்க்காரர். வலிப்பு நோய் உண்டு. பல வருடமாக மாத்திரையில் அடங்கிக் கிடந்தது. புத்தகத்தை அவருக்குக் கொடுத்ததும் நான்தான். ஒரு நாள் காலை, தொழிற்சாலை வாசலில் சைக்கிளைப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

"சார், சாமி ஒத்த வரியில அடிச்சுப்புட்டாரு பாத்தீகளா? நெழலுக்கு எவனாச்சும் மருந்து போடுவானா? நானும் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

என்ன முடிவு என்று கேட்டிருக்கலாம். "அந்த வரி அவ்வளவு நல்லாவா இருக்கு?" என்று கேட்டேன்.

மூன்று வாரம் கழித்து, குளிக்கப் போன இடத்தில் வலிப்பு வந்து தண்ணீர்த் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். கதவை உடைத்தவர்களில் நானும் ஒருவன். அலமாரியில் மாத்திரைகள் பிரிக்கப்படாமல் இருந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் மனைவி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீங்க சாமிகிட்ட பழகுறவுக. ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. மாத்திரைய விட்டுட்டு அம்புட்டு நம்புனாரே, அதுல என்ன கொறை? நான் செவ்வாக்கெழம கறி ஆக்குனேனே, அதுவா?"

அடுத்த பஸ்ஸில் பூந்தமல்லி போனேன். நடந்ததைச் சாமி கேட்டுவிட்டு, "மாத்திரய உடாதன்னு சொன்னேனேபா" என்றார். வெட்டியதைச் சொன்னேன்.

"நா பேசுனத நீ இன்னாத்துக்குபா அழகு பண்ண?"

அதுவரை எல்லோரும் என் தமிழைப் பாராட்டித்தான் பழக்கம்.

"போ. போயி அந்தப் பொண்ணாண்ட உள்ளத சொல்லு."

திரும்பி வரும் பஸ்ஸில், சொல்லவேண்டியதை நாலைந்து விதமாக மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். எல்லாமே நன்றாக இருந்தன. ஒவ்வொன்றிலும் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிந்தேன்.

அவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கொறை ஒண்ணும் இல்லைன்னு சாமி சொன்னார்மா. உன் மேலயும் இல்ல."

அத்தனை நாளில் முதல் முறையாக வாய்விட்டு அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இருங்கண்ணே, காப்பி போடுறேன்" என்று உள்ளே போனாள்.

உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் வந்தேன்.