அண்ணாச்சியின் ஸ்டாக் பலகை

சாக்கெட் சர்வர் நடத்துகிறவன் பிழைப்பு, ஓடும்போது யாருக்கும் தெரியாது, நின்றால் ஊருக்கே தெரியும். சக அவஸ்தைக்காரர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சாதாரண வெப்சைட் என்பது கடைக்குப் போய் விசாரித்துவிட்டுத் திரும்புவது, சாக்கெட் என்பது போனை வைக்காமல் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பது.

சென்னை வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான விருதுநகருக்கே திரும்பிய எனக்கு அப்போது வேலை கொடுத்தது ஒரே கம்பெனி. எம். புதுப்பட்டியில் பட்டாசுத் தொழிற்சாலை வைத்திருக்கும் அண்ணாச்சியுடையது. லைசென்ஸ் உள்ள மொத்த வியாபாரிகள் சரக்கு இருப்பைப் பார்த்து, தங்களுக்கு வேண்டியதைப் போன் திரையிலேயே ஒதுக்கிக்கொள்ள ஒரு ஆன்லைன் பலகை செய்து கொடுத்தேன். ஆடிப்பெருக்கன்று புது சீசன் ஆர்டர் தொடங்கும். அன்றைக்குப் பலகை நின்றால் பழையபடி போனில் கேட்டு நோட்டில் எழுதுவதுதான் என்று அண்ணாச்சி முதலிலேயே சொல்லிவிட்டார். அதாவது நான் மறுபடி சென்னை பஸ் ஏற வேண்டியதுதான். எனக்குப் பயமில்லை. சொல்வதற்கென்ன, நான் நல்ல வேலைக்காரன்.

தானாக மாறும் எண்

சோதனைக்காகப் பலகையைத் திறந்த முதல் நாள். ஒரு வியாபாரி புஸ்வாணத்தில் ஐம்பது பெட்டி ஒதுக்கினால், அந்த நொடியே எல்லார் திரையிலும் ஐம்பது குறையும். நான் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர் எடுக்கும் முத்துலட்சுமி அக்காவுக்குப் போன் வந்தது. திருச்சி வியாபாரி. அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏம்மா, நான் தொடவே இல்ல, நம்பர் தானா குறையுது. எவனோ உள்ள உக்காந்து களவாங்குதான், என்னன்னு பாருங்க."

இடி இடித்தால்

சர்வர் பெட்டியைத் தொழிற்சாலை ஆபீசிலேயே வைத்திருந்தேன். ஒருநாள் மேற்கே மேகம் கறுத்து, லேசாக ஒரு உறுமல் கேட்டது. அவ்வளவுதான், மின்னல் பட்டால் பற்றிக்கொள்ளுமே என்று வெடிமருந்து அறைகளில் இருந்தவர்கள் எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார்கள். அண்ணாச்சியே எழுந்து போய் மெயினை இறக்கினார். பெட்டியை யுபிஎஸ் காப்பாற்றும் என்று இருந்தேன். அதையும் பிடுங்கிவிட்டார். பார்த்துக்கொண்டிருந்த வியாபாரிகள் அத்தனை பேருடைய தொடர்பும் அறுந்தது.

ஆபீசுக்கு மட்டுமாவது கரண்ட் விடக் கூடாதா என்று கேட்டேன். வாசலில் நின்ற பெண்களைக் காட்டினார்.

"பெட்டி செத்தா நீங்க எழுப்பிருவீக தம்பி. இவங்கள எழுப்ப ஆள் இருக்கா?"

அந்த வாரமே வெளியூரில் வாடகைக்கு ஒரு சர்வர் பிடித்து எல்லாவற்றையும் அங்கே மாற்றினேன். முத்துலட்சுமி அக்கா பெட்டி போய்க் காலியான மேஜையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இப்பத்தான் டிபன் டப்பா வைக்க இடம் கெடச்சிருக்கு."

ஆத்தா சன்னதியில் சரவெடி

பலகையில் ஒருவர் ஒரு சரக்கைத் தொட்டால் அவர் முடிவு சொல்லும்வரை அது மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் இருக்கிறாரா என்று சர்வர் அடிக்கடி அவர் போனைக் கேட்கும். "இருக்கேன்" என்று போன் பதில் சொன்னால் போதும், காத்திருக்கும். சாத்தூர் வியாபாரி ஒருவர் சரவெடி மொத்தத்தையும் தொட்டுவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு குடும்பத்தோடு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார். பையிலிருந்த போன் விசுவாசமாக இருக்கேன், இருக்கேன் என்றது. சரவெடியே இல்லையா என்று மற்ற ஊர்க்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள். அக்கா அவரைக் கூப்பிட்டார். பின்னால் குலவைச் சத்தம்.

"ஆத்தாளுக்குப் பொங்கல் வச்சிக்கிட்டு இருக்கேன் தாயி. யார் கேட்டாலும் நான் வந்தப்புறம்னு சொல்லிருங்க."

அன்றிலிருந்து போன் பதில் சொன்னால் மட்டும் போதாது, ஆளும் திரையைத் தொட வேண்டும் என்று மாற்றிவிட்டேன்.

ஆடிப்பெருக்கு

அது திங்கட்கிழமை. காலை ஆறுக்கே பலகையைத் திறந்து வைத்தேன். நாள் முழுக்கக் கூட்டம் பரவலாக வரும் என்று கணக்குப் போட்டு, அதைப்போல இரண்டு மடங்குக்குச் சோதித்தும் இருந்தேன். பூஜை முடிந்தது. வியாபாரிகள் எல்லாரும் அவரவர் ஊரிலிருந்து பலகைக்குள் வந்து காத்திருந்தார்கள், ஆனால் ஒருவர்கூட எதையும் தொடவில்லை. பலகை வேலை செய்யவில்லையோ என்று நான் கையைப் பிசைந்தேன். அக்கா நிதானமாக விபூதி பூசிக்கொண்டே சொன்னார்: "ஏழரையிலேர்ந்து ஒம்பது ராகுகாலம். எவன் தொடுவான்?"

விருதுநகர்க்காரனான எனக்கு இது உறைக்கவே இல்லை. ஒன்பது அடித்ததும் அத்தனை ஊர் விரலும் ஒன்றாக விழுந்தது. சர்வர் படுத்தது. எழுப்பினேன். அறுந்த போன்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் உள்ளே பாய, மறுபடி படுத்தது. அக்காவின் மேஜையில் போன்கள் அலறின. அண்ணாச்சி ஒன்றை எடுத்து, "பழையபடி எழுதுங்க" என்று அக்காவிடம் நீட்டினார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி" என்றேன். வாசலில் ஆள் போட்ட மாதிரி, சர்வருக்கு முன்னால் ஒரு தடுப்பு வைத்து, சிலர் சிலராக உள்ளே விட்டேன். இந்த முறை சர்வர் விழவில்லை. எண்கள் இறங்க ஆரம்பித்தன. மத்தியானத்துக்குள் சரவெடி தீர்ந்தது.

சாப்பாட்டுக்கு முன் அண்ணாச்சி கூப்பிட்டார். நான் நின்றபடியே இருந்தேன்.

"கூட்டம் வரலேன்னாத்தான் தம்பி கடையை மூடணும். தாங்கலேன்னா வாசலை அகலமா வைக்கணும். அடுத்த சீசனுக்கு அகலமா வைங்க, இப்பச் சாப்பிட வாங்க."

ஆகவே, சக அவஸ்தைக்காரர்களே, எத்தனை பேர் வருவார்கள் என்று கணக்குப் போடுவதற்கு முன், எல்லாரும் ஒரே காலண்டரைப் பார்க்கிறவர்களா என்று ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.