எண்ணூறுக்கு அறுநூறு

அரசாங்கம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்துக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் கான்ட்ராக்ட் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அங்கே இருந்த ஒரே கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டிருந்தார்கள். இரண்டு வருடமாக அதில் மாணவர் பதிவேடு முழுவதையும் அடித்து ஏற்றியது நான்தான்.

ஒரு திங்கட்கிழமை, பழுதான பழைய மானிட்டருக்குப் பதிலாக அகலமான புது மானிட்டர் வந்தது. இணைத்துப் பார்த்தால் எழுத்துகள் எல்லாம் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோலக் குண்டாகத் தெரிந்தன. திரை எண்ணூறுக்கு அறுநூறு புள்ளி என்ற அளவிலேயே நின்றுவிட்டது. மானிட்டருக்கு வேண்டியதோ ஆயிரத்து நானூற்று நாற்பதுக்குத் தொள்ளாயிரம். பதிவேட்டுப் படிவத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விட்டது. 'சேமி' பொத்தான் அங்கேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பொத்தானை, டேப் விசையை எண்ணி எண்ணித் தட்டி, குத்துமதிப்பாக அழுத்திக்கொண்டிருந்தேன்.

கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் கடலூரிலிருந்து வந்தார். நின்றபடியே திரையைப் பார்த்தார்.

"லினக்ஸுக்கு இதெல்லாம் செட் ஆவாதும்மா. ஃபார்மட் அடிச்சிட்டு வேற போட்டுர்றேன்."

"உள்ள இருக்கற ரெக்கார்டுங்க, சார்?"

"காப்பி எடுத்தாலும் மத்ததுல தொறக்காது. திரும்ப அடிச்சுக்கங்க. சும்மாதான உக்காந்துகினு இருக்கீங்க."

"வெள்ளிக்கிழம வரைக்கும் யாரும் இதுல கை வெக்கக் கூடாது, சார்" என்றேன்.

தலைமை எழுத்தர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். அவர் பெர்மனென்ட். கான்ட்ராக்ட் ஆட்கள் அவர் முன்னால் அப்படிப் பேசுவது வழக்கமில்லை.

"எதுனா ஆச்சுன்னா நீதாம்மா பொறுப்பு."

"நான்தான், சார்."

அலுவலகத்தில் இணையம் கிடையாது. வேலை முடிந்ததும் வடலூர் பஸ் பிடித்து, பஸ் ஸ்டாண்டு அருகில் இருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்தேன். இதே சிக்கலை உலகத்தில் யார் யாரோ கேட்டிருந்தார்கள். மானிட்டர் தன் அளவைக் கணினிக்குச் சொல்லாவிட்டால் நாமே கட்டளை அடித்துச் சொல்ல வேண்டும் என்று புரிந்தது. கட்டளைகளை எழுத்து எழுத்தாக நோட்டில் எழுதிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கட்டளையில் இரண்டு சிறுகோடு போட வேண்டிய இடத்தில் ஒரு கோடுதான் எழுதி வந்திருந்தேன். மறுபடியும் வடலூர். புதன்கிழமை திரை ஒரேயடியாகக் கறுத்துப்போனது. தலைமை எழுத்தர் தொண்டையைக் கனைத்தார். அணைத்துப் போட்டதும் பழைய குண்டு எழுத்துகளே திரும்பி வந்தன. அவற்றைப் பார்த்து அன்றைக்கு மட்டும்தான் சந்தோஷப்பட்டேன். நோட்டைத் திரும்பப் படித்தபோது, ஒரு எண்ணில் புள்ளியை இடம் மாற்றி அடித்தது தெரிந்தது.

வியாழக்கிழமை காலை திருத்தி அடித்தேன். திரை ஒருமுறை சிமிட்டியது. பிறகு படிவம் முழுவதும், கடைசிப் பொத்தான் வரை, கூர்மையாக வந்து நின்றது. ஒவ்வொரு முறை கணினி திறக்கும்போதும் கட்டளைகள் தானாக ஓடும்படி ஒரு கோப்பில் எழுதிவைத்தேன். மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை வந்த டெக்னீஷியன் இந்தத் தடவை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"யாரு வந்து பாத்தாங்க?"

"மைன்ஸ்ல யாராச்சும் எஞ்சினியர் சொல்லிக் குடுத்திருப்பாங்க" என்றார் தலைமை எழுத்தர்.

"நான்தான் பண்ணேன்."

டெக்னீஷியன் என்னைப் பார்த்தார். "குறிஞ்சிப்பாடில ஒரு மெஷின் இதே மாதிரி நிக்குது. கொஞ்சம் எழுதிக் குடுங்க."

"தரேங்க. முதல்ல சர்வீஸ் ரெஜிஸ்டர்ல யாரு சரி பண்ணதுன்னு எழுதுங்க."

"அதுல கான்ட்ராக்ட் ஆளுங்க பேரு எழுத மாட்டாங்கம்மா" என்றார் தலைமை எழுத்தர்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டெக்னீஷியன் பேனாவை எடுத்து 'ஆபரேட்டர்' என்று எழுதினார்.

"பேரு, சார்."

எழுதினார். எழுத்துப் பிழை இல்லையா என்று பார்த்த பிறகுதான் நோட்டிலிருந்து கட்டளைத் தாளைக் கிழித்துக் கொடுத்தேன்.

அடுத்த ஒரு வாரம் தலைமை எழுத்தர் என்னோடு பேசவில்லை. எனக்கு அது வசதியாகவே இருந்தது. நிறைய வேலை முடிந்தது.